கால்வாய்க் கரையில் சைக்கிள்

"எங்கேடா கிளம்பிட்டே?"

"சும்மாதான் சித்தப்பா."

"சும்மா போறதுக்கு எதுக்குடா சைக்கிள்?"

சோழவந்தானில் என் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் நடந்த சம்பாஷணை இது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். கோடை விடுமுறைக்கு வந்தவன், கடையில் மணிக்குப் பத்துப் பைசா கொடுத்து ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன். சின்ன வண்டி கிடைக்கவில்லை. பெரிய வண்டிதான் கிடைத்தது. ஆகவே பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட வேண்டியிருந்தது. சித்தப்பா கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. அந்த ஊரில் சைக்கிள் என்றால் அதன் பின்னால் ஏதாவது இருக்கும். வெற்றிலைக் கூடை இருக்கும். இல்லாவிட்டால் தேங்காய் மூட்டை, பால் கேன், வாழைத்தார் என்று ஏதாவது ஒன்று. வெறுமனே ஒரு சைக்கிள் போயிற்றென்றால், அது எங்கேயோ சுமையை இறக்கிவிட்டுத் திரும்புகிறது என்று அர்த்தம்.

சும்மா சைக்கிள் விடுவது என்பது ஒரு பெரிய காரியம் என்றும், அதற்காகச் சர்க்கார்கள் பணம் செலவழித்துப் பாதை போடுகின்றன என்றும் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதிலும் திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போன பிரான்ஸ் தேசத்தில்.

அங்கே பர்கண்டி என்று ஒரு பிரதேசம். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் திராட்சை பயிராகிற மண். 910-ஆம் ஆண்டில் க்ளூனி என்ற ஊரில் ஒரு துறவி மடம் ஏற்பட்டது. பூஜைக்கு ஒயின் வேண்டும் என்பதால் இப்படிப்பட்ட மடங்களே அந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பேணி வளர்த்தன. பிற்காலத்தில் ரயில் வந்தது. மோட்டார் வந்த பிறகு அந்தக் கிளை ரயிலுக்குக் கூட்டம் குறைந்து, ரயில் நின்றுபோயிற்று. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகு நாற்பது சொச்சம் கிலோமீட்டருக்கு ஒரு மேடு மட்டும் கிடந்தது. அந்த மேட்டின் மேல் தளம் போட்டு, 1997-இல், ஜிவ்ரி என்ற ஒயின் கிராமத்திலிருந்து க்ளூனி வரையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். மோட்டாருக்கு அதில் இடமில்லை. 'பச்சை வழி' என்று அதற்குப் பெயர். பிரான்ஸில் இந்த மாதிரி வழிகளில் அதுதான் முதலாவது. ரயில் போட்ட பாதையல்லவா, செங்குத்தான ஏற்றமே கிடையாது. கிழவர்கள்கூடச் சிரமமில்லாமல் பெடல் மிதிக்கிறார்கள். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். பழைய ஸ்டேஷன்களில் நின்று தண்ணீர் குடிக்கிறார்கள். தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது.

போர்தோ நகரத்துக்குக் கிழக்கேயும் இப்படி ஒன்று உண்டு. அதுவும் பழைய ரயில் பாதைதான். அதுவும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவேதான் போகிறது. அதற்கு ரொஜே லப்பேபி என்று ஒரு சைக்கிள் பந்தயக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். இவருடைய கதை வேடிக்கையானது. 'தூர் த பிரான்ஸ்' என்று தேசத்தையே சுற்றி வருகிற சைக்கிள் பந்தயம் 1903-இல் தொடங்கிற்று. ஒரு பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்குவதற்காக ஆரம்பித்த பந்தயம் அது. (பத்திரிகை விற்பதற்குத் தொடர்கதை போதாதென்று நினைத்திருக்கிறார்கள்; நாவலாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) மேடு வந்தால் சுலபமாக மிதிக்கும்படி சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கியர் கருவி வந்த பிறகும், பந்தயத்தை நடத்தியவர்கள் அதை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. வீரன் என்றால் கஷ்டப்பட்டு மிதிக்க வேண்டும், கருவியின் தயவில் ஏறுவதா என்பது அவர்களுடைய வாதம். கடைசியில் 1937-இல்தான் விட்டுக்கொடுத்தார்கள். அந்த வருஷம் ஜெயித்தவர் லப்பேபி.

ஆனால் அந்தக் கருவிக்காக அதற்கு முப்பது வருஷம் முன்பிருந்தே வாதாடியவர் ஒருவர் உண்டு. பால் த விவீ என்பது பெயர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினவர். சாந்த்-எத்தியேன் என்ற ஊரில் சைக்கிள் வியாபாரமும் செய்து, சைக்கிளைப் பற்றியே ஒரு பத்திரிகையும் நடத்தினார். பந்தயம் அவருக்குப் பிடிக்காது. மலையும் காடும் பார்த்துக்கொண்டு, நிதானமாக, தூரமாகப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. சும்மா போவதற்குச் சாஸ்திரம் எழுதினவர் என்று சொல்லலாம். என் சித்தப்பாவை அவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும்! அப்படிப்பட்ட மனிதர் 1930-இல், தம் ஊர்த் தெருவிலேயே, டிராம் வண்டி மோதி இறந்துபோனார்.

சும்மா போவதற்கு ஆசை மட்டும் போதாது, பொழுதும் வேண்டும். பிரான்ஸில் ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பொழுது கிடைத்தது 1936-இல். அந்த வருஷம் பெரிய வேலை நிறுத்தங்கள் நடந்தன. அவற்றைத் தொடர்ந்து, கூலி பிடிக்காமல் வருஷத்துக்கு இரண்டு வாரம் விடுமுறை தரவேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தக் கோடையில் கடலையும் கிராமத்தையும் ஆயுளில் முதல் தடவையாகப் பார்க்கக் கிளம்பியவர்கள் ஏராளம். மோட்டார் வாங்க அவர்களிடம் பணம் ஏது? ரயிலிலும் சைக்கிளிலும் போனார்கள். புருஷனும் பெண்சாதியும் ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதித்துக்கொண்டு போகிற படங்களை இன்றைக்கும் பார்க்கலாம். பச்சை வழிக்கு அஸ்திவாரம் அன்றைக்கே போட்டாயிற்று என்பது என் அபிப்பிராயம். 1997-இல் வந்தது தளம் மட்டுந்தான்.

நம்முடைய பக்கத்தில் இப்படி ரயில் போய் மேடு மட்டும் மிஞ்சிய இடம் உண்டா என்று கேட்டால், உண்டு. அதுவும் ஒரு தடவையல்ல, இரண்டு தடவை.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் போகிற ரயில் 1928-இல் வந்தது. யுத்த காலத்தில், 1942-இல், இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரம் வந்து, 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். பிறகு அகல ரயில் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டு முடிவில் மறுபடியும் நிறுத்தினார்கள். இப்போதோ அப்போதோ என்று காத்திருந்து, தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் ரயில் வந்து சேர்ந்தது. இடையில் அந்த மேட்டில் ஆடு மேய்ந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். பர்கண்டியைப் பற்றிப் படித்துவிட்டு, 'இதையும் பச்சை வழி ஆக்கினால் என்ன?' என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. நல்ல வேளை, வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆண்டிபட்டியில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பார்கள். ரயிலை வேண்டாமென்று விட்ட ஊருக்குப் பாதை அழகு. ரயில் வராதா என்று பன்னிரண்டு வருஷம் ஏங்கிய ஊருக்கு ரயில்தான் அழகு. போடிக்கு முதல் ரயில் வந்த அன்று ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றதில் ஆச்சரியமே இல்லை.

அந்த ரயில் போகிற திக்கில்தான் நம் திராட்சைச் சீமையும் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டி என்று ஊர் ஊராகப் பந்தல் போட்டுத் திராட்சை விளைகிறது. பிரெஞ்சுக்காரன் திராட்சையை முழங்கால் உயரத்தில், வரிசை வரிசையாக நிறுத்தி வளர்க்கிறான். நாம் தலைக்கு மேலே பந்தலில் படரவிட்டு அண்ணாந்து பார்த்துப் பறிக்கிறோம். அங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை. இங்கே குளிர்காலம் என்று ஒன்று கொடியைத் தூங்க வைப்பதில்லையாதலால், ஏதாவது ஒரு தோட்டத்தில் எந்த மாதமும் பழம் தொங்கும். பன்னீர்த் திராட்சை என்கிற இந்தக் கறுப்பு ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்றும், வருஷம் 1832 என்றும் சொல்கிறார்கள். க்ளூனி மடத்துக்காரர்களைப்போலவே இவருக்கும் பூஜைக்கு ஒயின் வேண்டியிருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் சோழவந்தான் வெற்றிலைக்கும் கிடைத்தது.

வெற்றிலைக்கும் திராட்சைக்கும் இந்தக் குறியீட்டைத் தவிர இன்னொரு சம்பந்தமும் உண்டு. இரண்டும் ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை போட்டு மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1887-இல் ஆரம்பித்த வேலை 1895-இல் முடிந்தது. பென்னி குயிக் துரையின் பெயரைக் கம்பம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான். அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்துவிட்டு வைகையில் சேர்கிறது. 1959 முதல் வைகை அணையில் தங்கிவிட்டு வருகிறது. பிறகு பேரணையில் கால்வாய்க்குள் திரும்புகிறது. கால்வாய் சிறுமலையின் அடிவாரத்தைத் தழுவிக்கொண்டு வாடிப்பட்டி வழியாக மேலூர்ச் சீமைக்குப் போகிறது. சோழவந்தான் கொடிக்கால்களோ வைகையின் இரு கரை வாய்க்கால்களை நம்பி நிற்கின்றன. சோழ அரசன் ஒருவன் இங்கே வந்தபோது, இந்தப் பசுமையைக் கண்டு தன் நாட்டையே பார்த்ததுபோல் உவந்தானாம். 'சோழன் உவந்தான்' என்பதுதான் சோழவந்தான் ஆயிற்று என்பது ஊர்ப் பேச்சு. பேச்சு எப்படியானாலும், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற நாளில் ஊரைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

பச்சை வழி, பச்சை வழி என்று பிரான்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒருநாள் உறைத்தது. கால்வாய் வெட்டியவர்கள் கரையின் மேல் ஒரு பாதையும் விட்டிருக்கிறார்களே! உடைப்பு எடுத்தால் ஓடிப் பார்க்கவும், மடை திறந்து மூடவும், எஞ்சினீயரின் ஜீப்பும் லஸ்கரின் சைக்கிளும் போவதற்காக விட்ட பாதை. தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால் கால்வாயில் சரிவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே கரைமேல் போகிறவனுக்கும் ஏற்றம் இல்லை. ரயில் எஞ்சினுக்காக அவர்கள் சமப்படுத்தியதை, இங்கே தண்ணீருக்காகச் சமப்படுத்தியிருக்கிறார்கள். சைக்கிளை நினைத்து யாரும் எதையும் செய்யவில்லை. சைக்கிள்தான் இரண்டு இடத்திலும் மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டது.

போன தை மாதம் ஒரு காலையில் நான் கிளம்பினேன். இந்தத் தடவை கேள்வி கேட்கச் சித்தப்பா இல்லை. முதலில் சோழவந்தானைச் சுற்றி வாய்க்கால் கரைகளில் போனேன். கொடிக்காலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அகத்தியை நெருக்கமாக விதைத்து, அது வளர்ந்த பிறகு அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டுகிறார்கள். உள்ளே வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழுகிறது. தரை எப்போதும் ஈரம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், கோயில் மாதிரி. சீக்கு வந்தாலும் வாடல் வந்தாலும் ஒரு வாரத்தில் வருஷத்து உழைப்பு போய்விடும். பிரான்ஸிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பூச்சி வந்து திராட்சை வேரையெல்லாம் தின்று தீர்த்தது. அமெரிக்கச் செடியின் வேரில் ஒட்டுப் போட்டுத்தான் அவர்கள் தப்பித்தார்கள். வெற்றிலைக்காரருக்கு அப்படி ஓர் ஒட்டு கிடைக்கவில்லை. கொடிக்காலை அழித்துவிட்டு வாழை வைத்தவர்கள், மனைக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கொடிக்காலின் வாசலில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இலைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். நூறு இலை ஒரு கவுளி. பேச்சுக் கொடுத்தேன்.

"கரை வழியா எதுவரைக்கும் சைக்கிள்ல போகலாம் தம்பி?"

"நீங்க எங்கே போகணும்யா?"

"குறிப்பா எங்கேயும் இல்லை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எம் மக தினம் இதுலதான் பள்ளிக்கூடம் போகுது. ரோட்டுல போனா கிட்டம். ஆனா லாரி வர்ற வரத்துக்கு ரோட்டுல விட மனசு வரலைங்கய்யா. கரை வழியாப் போனா கொஞ்சம் சுத்து. சுத்துனாச் சுத்திட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்கு அப்புறம் வெகு தூரம் வரை வேறு நினைப்பே வரவில்லை. பெண்பிள்ளை சைக்கிள் விடுவது சாதாரணமாகிவிட்டது. ஆனால் அது சாதாரணமாவதற்கு எத்தனை காலம் பிடித்தது! எங்கள் காலத்தில் சைக்கிள் ஆண்பிள்ளைகளின் சொத்து. சீமையிலிருந்து வந்த ராலேயும் ஹெர்குலிஸும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் தபால்காரருக்கும் உரியவை. 1949-இல் அம்பத்தூரில் தொழிற்சாலை ஏற்பட்டு, ஹெர்குலிஸ் இங்கேயே தயாரான பிறகு வண்டி பெருகிற்று. அப்போதும் ஏறினவர்கள் ஆண்களே. கைப்பிடியில் வரி கட்டிய வில்லை இல்லாவிட்டாலும், இருட்டிய பிறகு விளக்கு இல்லாவிட்டாலும் பிடித்துக்கொள்வார்கள். காற்றைப் பிடுங்கிவிடுவதுதான் தண்டனை! 1991-இல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிறவர்கள், கிராமத்து நர்ஸுகள் என்று ஆயிரக் கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் தீர்ந்துபோய், ஆண்கள் சைக்கிளை வாங்கினார்களாம். பார் இருந்தால் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதிலும் ஒரு லாபம் கண்டார்கள். அதற்குப் பத்து வருஷத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சர்க்காரே இலவசமாகச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிற்று. பிறகு பையன்களுக்கும் கொடுத்தது. வண்டி கொடுத்தாயிற்று. அதை விடுவதற்கு ஒரு வழி? நாலு வழிச் சாலையில் நாலு வழியும் மோட்டாருக்குத்தான் இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்றை நினைத்துப் பார்த்தவர்கள் இல்லை.

கால்வாய்க் கரையைச் சீர்ப்படுத்தித் தார் போட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பயம் உண்டு. தார் போட்ட மறுநாளே குறுக்கு வழி என்று மோட்டார்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். கல் முளைத்த மண் பாதையாக இருக்கிற வரையில்தான் அது அந்தப் பெண்ணுக்குச் சொந்தம். பர்கண்டியில் தளம் போட்டவர்கள் கூடவே மோட்டாரையும் தடுத்தார்கள். முள் செடியை வெட்டிவிட்டு, மோட்டார் நுழைகிற இடங்களில் இரண்டு கல் தூணை நட்டால் போதுமென்பேன். கேட்கிறவர்கள் எஞ்சினீயர்களாக இருந்தால் சிரிப்பார்கள்.

வாடிப்பட்டிப் பக்கம் பெரிய கால்வாயைப் பிடித்து மேற்கே திரும்பினேன். ஒரே ஓட்டமாகப் போகலாம் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். பாலத்துக்குப் பாலம் இறங்கித் தள்ள வேண்டும். ரயில் பாதை குறுக்கிடும். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கால் மணி நேரம் பெருமாளே என்று நிற்க வேண்டும். ஆனால் கடந்த பிறகு ஒரு நிசப்தம் வரும் பாருங்கள். ஒரு பக்கம் சிறுமலை நீலமாக நிற்கிறது. இன்னொரு பக்கம் நெல், தென்னை. தண்ணீர் நம் வேகத்துக்கு எதிரே வந்துகொண்டிருக்கிறது. மதுரையிலிருந்து வந்த வாலிபர்கள் நாலு பேர், தலையில் கவசமும் உடம்பை ஒட்டின சட்டையுமாக, என் பென்ஷனைவிட விலை கூடின சைக்கிள்களில் என்னைத் தாண்டிப் போனார்கள். சும்மா போகிறவர்கள் நம் ஊரிலும் வந்துவிட்டார்கள்! சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். கொடிக்காலில் இலை கிள்ளுகிறவருக்கு ஞாயிறு ஏது? கிள்ளாவிட்டால் இலை முற்றிவிடும்.

பேரணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மதகடியில் தண்ணீர் இரைச்சலோடு திரும்புவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வடக்கே கொடைரோடு போனால் மறுபடியும் திராட்சைப் பந்தல். ஸ்டேஷன் பக்கம் கூடையில் வைத்து விற்பார்கள். கொடைரோட்டுக்கு அடுத்தது வாடிப்பட்டி, அதற்கடுத்தது சோழவந்தான். ரயிலில் ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம். என் முழங்கால் ரயிலுக்குத்தான் சிபாரிசு செய்தது. நான் கேட்கவில்லை. வந்த வழியே திரும்பினேன்.

சாயங்காலம் சோழவந்தானை நெருங்கும்போது வாய்க்கால் கரையில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் எதிரே வந்தார்கள். சர்க்கார் சைக்கிள்கள், முன்னால் கம்பிக் கூடையில் புத்தகப் பை. ஒரு பெண் மணியடித்துக்கொண்டே, "தாத்தா, ஓரமாப் போங்க!" என்றாள். ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். இருந்தாலும் இறங்கி நின்று வழி விட்டேன். அவள்தானா அவருடைய மகள் என்று கேட்கத் தோன்றுவதற்குள் வளைவு திரும்பிவிட்டார்கள்.

காலையில் பார்த்தவர் இன்னமும் அங்கேதான் இருந்தார். கட்டுகளுக்கு வாழைச்சருகு சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"எங்கேயா போயிட்டு வந்தீங்க?"

"பேரணை வரைக்கும்."

"அங்கே என்ன வேலை?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவரே சிரித்துவிட்டு, ஒரு கவுளியை எடுத்துச் சருகில் சுற்றி என் காரியரில் வைத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். வாழைநாரால் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விளக்குப் போடுவதற்குள் ஊருக்குள் வந்து சேர்ந்தேன்.